ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், வேனுக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: நாங்கள் மண்டபத்தைச் சேர்ந்த ஐந்து பெண்கள். மகளிர் குழுக் கடனில் நான்கு மாதத்துக்கு முன்பு ஒன்பது வருடப் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினோம். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டர் முன்பக்கத்தில் இருக்கிறது. என் தம்பி ஓட்டுகிறான். விடியற்காலையில் மீன் கூடைகளோடு ராமநாதபுரம், பரமக்குடிச் சந்தைகளுக்குப் போகும்போது ஒன்றும் ஆவதில்லை. மதியம் வெறும் கூடைகளோடு திரும்பும்போது ராமநாதபுரம் ஊருக்குள்ளும், பிறகு உச்சிப்புளி தாண்டியும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறது. தினமும் இரண்டு லிட்டர் போர் தண்ணீர் ஊற்றுகிறோம். கீழே ஒழுகுவதாகத் தெரியவில்லை. மூடியைத் திறந்தால் தண்ணீர் செம்மண் கரைத்தது போல இருக்கிறது. வெள்ளைப் புகை இல்லை, ஆயிலும் கெடவில்லை. ஒரு மெக்கானிக் என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 38,000 ரூபாய் ஆகும் என்கிறார். என்ன செய்வது, ஐயா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற இப்போது சம்மதிக்க வேண்டாம். கேஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று வேனைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அதை முதல் சந்தேகமாக வைக்க இடம் தரவில்லை. ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் விட்டுப்போனால் சிலிண்டருக்குள் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து தண்ணீரை வெளியே தள்ளும். வண்டியில் பாரம் ஏற ஏற இந்தத் தள்ளல் கூடும். அப்படியானால் கூடைகள் நிறைந்து, ஆட்களும் ஏறி, பரமக்குடி வரை 70 கி.மீ.க்கு மேல் ஓடும் விடியற்காலைப் பயணத்தில்தான் முள் முதலில் எகிற வேண்டும். உங்கள் வேனோ பாரத்தோடு போகும்போது அமைதியாக இருந்து, வெறுமையாகத் திரும்பும்போது சூடேறுகிறது.

காலைக்கும் மதியத்துக்கும் இடையில் என்னென்ன மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். வெயில் ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த முதலாவது. இரண்டாவது, காலையில் நிரப்பிய தண்ணீரில் ஒரு பகுதி அதற்குள் எங்கோ போய்விடுகிறது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: அது காற்றின் திசை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கி வரும் வண்டிக்குக் காற்று பின்னாலிருந்து வருகிறது. வேன் 50 கி.மீ. வேகத்தில் ஓடி, காற்றும் பின்னாலிருந்து 30 கி.மீ. வேகத்தில் அடித்தால், ரேடியேட்டருக்குக் கிடைப்பது 20 கி.மீ. வேகக் காற்றுதான். காலையில் மேற்கே போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானாகவே பாய்ந்து, ரேடியேட்டர் ஃபேனுடைய குறையை மறைத்துவிடுகிறது. திரும்பும்போது அந்த உதவி இல்லை. ஊருக்குள் நின்று நின்று நகரும்போதும் அதே நிலைதான். ஆகவே உங்கள் வேனில் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். தண்ணீர் எங்கோ கசிகிறது, ஃபேனும் தன் வேலையை முழுமையாகச் செய்யவில்லை. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டால் முள் மீண்டும் ஏறும்.

முதலில் தண்ணீர். கீழே ஒழுகுவதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் கூடைகள் ஏறும் வண்டியின் அடிப்பகுதி காலை முதல் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் சொட்டி ஈரமாகவே இருக்கும். அதற்கு நடுவே என்ஜின் தண்ணீர் சொட்டினால் யாருக்கும் பிரித்துத் தெரியாது. தவிர, சில கசிவுகள் வண்டி சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறிய பிறகுதான் திறக்கும். சொட்டும் தண்ணீர் சைலன்ஸர் மேல் பட்டு ஆவியாகிவிடும், தரைக்கு வந்து சேராது. என்ஜின் சீட்டுக்கு அடியிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் வண்டிகளில் இரண்டையும் இணைக்கும் இரும்புக் குழாய்கள் தளத்துக்கு அடியில் நீளமாக ஓடும். அந்தக் குழாய்களின் மேல் நான்கு மாதமாக உங்கள் மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. முந்தைய சொந்தக்காரரும் இதே தொழில் செய்திருந்தால் அது பல வருடக் கணக்கு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு கீழக்கரைப் பக்கத்திலிருந்து என் பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. தண்ணீர் குறைகிறது, ஒழுகல் இல்லை, சூடாகிறது என்று சொன்னார்கள். நான் கேஸ்கெட் என்று முடிவு கட்டி ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து, புது கேஸ்கெட் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே குறையோடு திரும்பி வந்தது. அப்போதுதான் கீழே படுத்துப் பார்த்தேன். தளத்துக்கு அடியில் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்குள் செதிலும் சேறும் ஈரமாக அடைத்துக்கொண்டிருந்தன. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டியபோது மற்ற இடங்களில் கணீரென்று கேட்ட சத்தம் அங்கே மட்டும் மொத்தென்று கேட்டது. கிளாம்ப்பைக் கழற்றியதும் துரு அடுக்கடுக்காக உதிர்ந்தது. உள்ளே ஊசி முனை அளவில் ஒரு துளை, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் குடும்பம் இழந்த ஒரு வாரப் பிழைப்பை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று முதல், பிரஷர் டெஸ்ட் செய்யாமல் எந்த ஹெட்டையும் நான் கழற்றியதில்லை.

அந்த டெஸ்ட்டைத்தான் நீங்களும் கேட்டுச் செய்ய வைக்க வேண்டும். ஒரு நாள் ஓட்டம் முடிந்ததும் வேனின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீரை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு டெஸ்ட்டரைப் பொருத்தி, மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். 0.9 பார் என்றோ 1.1 பார் என்றோ பொறித்திருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அதைத் தாண்டி ஏற்றக் கூடாது. 15 நிமிடம் டெஸ்ட்டரின் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் எங்கிருந்து ஈரம் வருகிறது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும்: தளத்துக் குழாய்கள், ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளை, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் டம்மி மூடிகள். செம்மண் நிறத் தண்ணீர் ஓடிய என்ஜினில் இந்த டம்மி மூடிகள் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாவது வழக்கம். வெள்ளையாகவோ துரு நிறத்திலோ கோடிட்ட தடம் எங்கே தெரிந்தாலும் அது கசிவின் தடம்தான். ரேடியேட்டர் மூடியையும் அதே டெஸ்ட்டரில் சோதிக்கலாம். அதன் ரப்பர் தடித்து வெடித்திருந்தால் வேறு யோசனை வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

தளத்துக் குழாயில் துரு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெல்டிங் வைத்து ஒட்டச் சொல்லாதீர்கள். பக்கத்து இடம் அடுத்த மாதம் விட்டுவிடும். முழு நீளத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட்டுவிட்டு, அதற்கு மேலே தளத்தில் ஒரு தகடு வைத்து மீன் தண்ணீர் ஒரே பக்கமாக வடியும்படி செய்யுங்கள். கூடைகளுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஃபைபர் தட்டு ஒன்று வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது ஃபேன். வேனை நிறுத்தி, என்ஜினை ஓட விட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஓடினால், தினசரித் தாள் ஒன்றை விரித்து ரேடியேட்டரின் முன்புறம் பிடியுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால் தாள் உள்ளே இழுக்கப்பட்டு அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். வழுக்கி விழுந்தால் இழுவை போதவில்லை. எதிர்ப்பக்கம் தள்ளினால் யாரோ வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. வாங்கி விற்ற வண்டிகளில் இந்தக் கடைசித் தவறை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். இழுவை போதவில்லை என்றால் உடனே ஃபேனை மாற்ற வேண்டியதில்லை. ஃபேன் ஓடும்போது அதன் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து ஃபேனுக்கு 11 வோல்ட்தான் வருகிறது என்றால் குறை வயரிலோ எர்த்திலோ இருக்கிறது. நம் கரையோரத்தில் எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவும், செம்பு முனைகளில் பச்சைக் களிம்பும் ஏறுவதற்கு ஒரு வருடமே போதும். முனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவினால் பல ஃபேன்கள் மறுபடி பழைய வேகத்தில் சுற்றுகின்றன.

ஃபேனைப் பார்க்கும்போதே ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் நின்ற ரேடியேட்டரில் தகடுகள் வெள்ளை மாவாகி, தொட்டால் உதிரும். குழாயில் ஓட்டை இல்லாததால் ஒழுகாது; வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கடத்துவது அந்தத் தகடுகள்தான், குழாய்கள் மட்டும் போதாது. எரியும் டீசலின் சக்தியில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் வழியாக வெளியேறியாக வேண்டும். தகடு உதிர்ந்த ரேடியேட்டரால் அதைச் சுமக்க முடியாது, அதற்கு மாற்றுவதைத் தவிர வழி இல்லை. தகடுகள் உறுதியாக இருந்து, இடையில் தூசியும் பூச்சியும் மணலும் அடைத்திருந்தால், என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி நல்ல தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த நாளில் இந்தக் கழுவலை மறுநாளைக்குத் தள்ளிப் போடக் கூடாது.

தெர்மோஸ்டாட் வால்வைத் திரும்பப் போட்டுவிடுங்கள். நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த எண்ணம் வண்டிகளுக்குக் கெடுதலே செய்திருக்கிறது. பல என்ஜின்களில் அந்த வால்வுக்கு இரண்டு வேலைகள் உண்டு. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதே அசைவில், ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும் பக்கவழியை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் பக்கவழி திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும். குளிர்ந்த விடியற்காலையில் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். புது வால்வைப் பொருத்துமுன் நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அடுப்பில் ஏற்றி, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய அந்த டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். அதன் விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அந்தப் பக்கம் மேலே வரும்படி பொருத்த வேண்டும். உள்ளே சிக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். நீளக் குழாய் உள்ள உங்கள் வேனில் ஏர் லாக், அதாவது குழாய்க்குள் காற்று சிக்கி அடைப்பது, எளிதில் விழும். ஆகவே தண்ணீர் நிரப்பும்போது முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, காற்றுத் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்துக் குமிழி நிற்கும்வரை காத்திருங்கள்.

இனி, எல்லாவற்றுக்கும் மூலமான அந்தச் செம்மண் நிறம். அது மண் அல்ல, உங்கள் என்ஜினின் இரும்பு கரைந்து வரும் துரு. கரையோரப் போர் தண்ணீரில் உள்ள உப்பு அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்ப்பின் இறக்கைகளையும் அரிக்கிறது. அதன் சுண்ணாம்பு சூடான சுவர்களில் ஓடாகப் படிகிறது. தினம் இரண்டு லிட்டர் என்றால் நான்கு மாதத்தில் 240 லிட்டர் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் அந்த என்ஜினுக்குள் போயிருக்கின்றன. தண்ணீர் ஆவியாகலாம், கரைந்த உப்பு ஆவியாகாது. குடிப்பதற்குக் குடம் கணக்கில் விலை கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் நம் ஊரில், வண்டிக்கும் அதே கவனம் வேண்டும் என்று கேட்பது உங்களுக்குச் சுமையாக இருக்கும் என்று அறிவேன். ஆனால் ஒழுகல் நின்றுவிட்டால் தினமும் ஊற்ற வேண்டிய தேவையே இருக்காது. ஒரு முறை நிரப்பும் செலவுதான்.

கசிவை அடைத்த பிறகு, ரேடியேட்டரை மாற்றுவதாக இருந்தால் மாற்றுவதற்கு முன்பே, பழைய ரேடியேட்டரோடு உள்ளே ஒரு சுத்திகரிப்பு செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பெயர்ந்து வரும் துரு புது ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்காது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து ஊற்றி, என்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, அரை மணி நேரத்தில் வடித்துவிடுங்கள். பின் வடியும் தண்ணீர் தெளியும்வரை நல்ல தண்ணீரால் பல முறை அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

பிறகு கூலன்ட், அதாவது வெறும் தண்ணீருக்குப் பதிலாக ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். கூலன்ட் குளிர் நாட்டுக்குத்தான் என்று சொல்வார்கள். அது சரியல்ல. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 0.9 பார் மூடிக்குக் கீழே 118 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் சேர்த்தால் அதே மூடியின் கீழ் 125-ஐத் தாண்டியும் கொதிக்காது. துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியாக விற்பதை வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி சேருங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்ததை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் கொட்ட வேண்டாம். வேனில் ஏற்றும் மீன்மீது அதன் ஒரு சொட்டும் படக் கூடாது. குழாய்களை முதலில் சரிசெய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் குறைந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சோதனை உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக விறைத்தால் உள்ளே வாயு புகுகிறது என்று பொருள். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை ஏற்றும்போது நிற்காமல் குமிழி வந்தாலும் அதேதான். சிலிண்டரில் எரிந்த வாயு கலந்தால் நிறம் மாறும் நீலத் திரவத்தை வைத்துச் சோதிக்கும் கருவி பெரிய பட்டறைகளில் இருக்கும், அதையும் கேளுங்கள். இவற்றில் குறை உறுதியானால் ஹெட்டைக் கழற்றட்டும். ஆனால் வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிட விடாதீர்கள். நேர்த் தகடும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று உங்கள் தம்பியின் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு வளைவே பெரும்பாலான ஹெட்டுகளுக்கு அதிகம். வெடிப்பு இருக்கிறதா என்று லேத்தில் சோதித்து, போல்ட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கம்பெனி சொல்லும் வரிசையில் இறுக்க வேண்டும்.

அதுவரை வண்டியை ஓட்டாமல் இருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. தம்பியிடம் இதை மட்டும் சொல்லுங்கள். முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியதுமே ஓரங்கட்ட வேண்டும். நீராவி வந்தாலோ தண்ணீர் போயிருந்தாலோ என்ஜினை உடனே அணைக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆறுவதற்கு முன் மூடியைத் தொடக் கூடாது. முகத்திலும் மார்பிலும் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும். இன்னொன்று: ஏறிய முள் திடீரென்று தானாக இறங்கினால் சூடு தணிந்ததாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் முழுவதும் போய், சூட்டை அளக்கும் சென்சார் காற்றில் தொங்கும்போதும் முள் அப்படித்தான் இறங்கும். அந்த நிலையில் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால் 38,000 ரூபாயோடு முடியாது.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விவரங்களைக் குறித்துவையுங்கள்: காலையில் குளிர்ந்த நிலையில் எத்தனை மில்லி தண்ணீர் பிடித்தது, முள் எந்த இடத்தில் ஏறியது, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, ஃபேன் ஓடியதா இல்லையா. அந்தத் தாளையும் பிரஷர் டெஸ்ட்டின் முடிவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்தக் குழாய், எந்த வயர் என்று அதை வைத்து இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.